நேரம் தவறியது ஓட்டுநரா, அட்டவணையா: தனியார் பேருந்து நிறுவனம் ஒன்றின் ஜி.பி.எஸ். கண்காணிப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொங்கு வட்டாரத்தில் இரண்டு தலைமுறையாகப் பேருந்துத் தொழில் செய்துவரும் ஒரு குடும்ப நிறுவனத்தில் 2022 ஜூன் முதல் 2023 டிசம்பர் வரை நடந்தவற்றை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. நிறுவனம், தொழிலாளர்கள், ஊர்கள், கருவி விற்றவர் ஆகியோரின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன. நான் ஆறாவது மாதத்தில், பதிவுகளைச் சரிபார்க்க அழைக்கப்பட்டவன். அதற்கு முந்தைய நிகழ்வுகளை அலுவலகக் குறிப்பேடுகளிலிருந்தும் ஓட்டுநர், நடத்துநர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டேன்.

நிறுவனத்திடம் 16 வண்டிகள் இருந்தன. 15 வண்டிகள் தினமும் தடத்தில் ஓடும், ஒன்று ஸ்பேர். இவற்றில் 6 வண்டிகள் 2019-க்குப் பின் பதிவானவை என்பதால், ஏ.ஐ.எஸ். 140 என்ற வாகனத் தொழில் தரநிலையிலான கண்காணிப்புக் கருவியும் அவசரப் பொத்தான்களும் அவற்றில் ஏற்கெனவே இருந்தன. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு இழைக்கப்பட்ட கொடுமை நாட்டை உலுக்கிய பின்னர், பொதுப் போக்குவரத்து வண்டிகளில் இக்கருவி இருக்க வேண்டும் என்று 2016 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125ஹெச் என்ற விதி சேர்க்கப்பட்டது. நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப்போய், 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் வண்டிகளுக்கு அது கட்டாயமானது; பழைய வண்டிகளுக்கு எப்போது என்பது மாநிலங்களின் முடிவுக்கு விடப்பட்டது. அந்த ஆறு வண்டிகளிலும் கருவி எஃப்.சி.க்காக (தகுதிச் சான்றுக்காக) இருந்ததே தவிர, அதன் பதிவுகளை அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. அவசரப் பொத்தானை அழுத்தினால் தகவல் எங்கே போகும் என்று கேட்டபோது ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

தனியார் பேருந்துத் தொழிலில் நேரம்தான் வருமானம். முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் இடையே நான்கு நிமிடமே உள்ள தடத்தில் இரண்டு நிமிடம் பிந்தினால், நிறுத்தத்தில் நிற்கும் கூட்டம் பின்வண்டிக்குப் போய்விடும். இரண்டு நிமிடம் முந்தினால், முன்வண்டிக்காரர் பேருந்து நிலையத்திலேயே சண்டைக்கு வந்துவிடுவார். இதைப் பார்த்துக்கொள்ளத்தான் டைம் கீப்பர்கள் இருக்கிறார்கள். ஆனால் நிலையத்துக்கு வந்த நேரமும் கிளம்பிய நேரமும்தான் அவர்கள் நோட்டில் ஏறும். இடைவழியில் நடப்பது அவர்களுக்குத் தெரியாது. மூத்த முதலாளிக்குப் பின் பொறுப்பேற்ற அவருடைய மகன், இந்த இடைவெளியை நிரப்புவதற்காக 2022 ஜூனில் மீதமுள்ள 10 வண்டிகளிலும் விலை குறைந்த கருவிகளைப் பொருத்தி, 16 வண்டிகளையும் ஒரே திரையில் காணும்படி செய்தார்.

முதல் ஐந்து மாதங்கள்

நோக்கம் நியாயமானது, பிழை நடைமுறையில் நேர்ந்தது. கருவி பொருத்திய இரண்டாவது வாரத்திலேயே அலுவலகத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. இடைநிறுத்தங்களில் குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பிந்தினால் 50 ரூபாயும், பத்து நிமிடத்துக்கு மேல் பிந்தினால் 100 ரூபாயும், கருவி அணைந்திருந்தால் 200 ரூபாயும் அன்றைய பேட்டாவில் பிடிக்கப்படும் என்று அதில் எழுதியிருந்தது. இரவு கலெக்‌ஷன் கட்ட வரும் நடத்துநரிடம், கணினியிலிருந்து எடுத்த அறிக்கையைப் பார்த்துப் பணம் கழிக்கப்பட்டது. யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. திரையில் வந்தது அப்படியே உண்மையாகக் கொள்ளப்பட்டது.

இப்படிப் பிடித்தம் செய்ய நிறுவனத்துக்கு உரிமை உண்டா என்பதையும் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. பயணிகளை ஏற்றிச்செல்லும் மோட்டார் போக்குவரத்துத் தொழில், அப்போது நடைமுறையில் இருந்த 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தின் வரம்புக்குள் வந்தது. எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்பதற்கு முன்ஒப்புதல் பெற்று, தொழிலாளர்கள் பார்க்கும்படி அறிவித்திருக்க வேண்டும். காரணம் சொல்ல வாய்ப்பளிக்காமல் அபராதம் விதிக்கக் கூடாது. ஓர் ஊதியக் காலத்தில் மொத்த அபராதம் ஊதியத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அதன் 8-ஆவது பிரிவு கூறியது. சில ஓட்டுநர்களுக்கு இந்த வரம்பு மாதத்தின் முதல் பத்து நாளிலேயே கடந்துபோயிருந்தது.

அக்டோபருக்குள் மூன்று ஓட்டுநர்கள் வேலையை விட்டு விலகினார்கள். கருவி அணையும் நிகழ்வுகள் குறையாமல் கூடின. ஒரு வண்டியில் ஃப்யூஸ் கழற்றப்பட்டு, பிஸ்கட் பொட்டலத்தின் உள்தாளில் சுருட்டி டேஷ்போர்டுக்கு அடியில் செருகப்பட்டிருந்தது. நவம்பர் முதல் வாரத்தில், பத்தாண்டுக்கு மேல் விபத்தே இல்லாமல் ஓட்டிய ஒருவர், கருவியை அணைத்ததாக ஒரே வாரத்தில் நான்கு முறை பேட்டா பிடிக்கப்பட்டதால், சாவியை அலுவலக மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகே என்னை அழைத்தார்கள்.

வண்டிக்குள் கண்டவை

முதல் இரண்டு வாரங்களை நான் பதிவுகளைப் புரட்டுவதிலேயே செலவிட்டேன். அது தவறான தொடக்கம். முதலில் வண்டியில் ஏறியிருக்க வேண்டும். பதிவுகளிலிருந்து ஒன்று மட்டும் தெளிவானது: கருவி அணைந்த நிகழ்வுகள் எல்லாமே பழைய 10 வண்டிகளில் நடந்தவை, புதிய ஆறில் ஒன்றுகூட இல்லை. ஏ.ஐ.எஸ். 140 கருவிகளில் தனி பேட்டரி இருப்பதால், வண்டியின் மின்சாரம் நின்றாலும் அவை சில மணி நேரம் இயங்கும். விலை குறைந்த கருவிகளிலும் சிறு பேட்டரி உண்டு என்றாலும், முன்னால் எஞ்சின் உள்ள வண்டியில் டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள சூட்டில் அவை பெரும்பாலும் செத்துப்போயிருந்தன.

சாவியை வைத்துவிட்டுப் போன ஓட்டுநரின் வீட்டுக்கு நடத்துநரையும் அழைத்துக்கொண்டு போனேன். அவர் சொன்னது இது: “சார், நான் ஒயரைத் தொடவே இல்லீங்க. அன்னைக்குக் கைக்குழந்தையோட ஒரு அம்மா ஏறினாங்க. புள்ளை தூங்குது, பாட்டை நிறுத்துங்கண்ணான்னாங்க. நிறுத்தினேனுங்க. அவ்வளவுதான் நான் செஞ்சது.”

மறுநாள் காலை ஷெட்டில் அந்த வண்டியின் டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தோம். எங்கள் பக்கத்துத் தனியார் வண்டிகளில் மியூசிக் சிஸ்டம் இல்லாத வண்டி அரிது. அதற்கென்று தனி மின்கம்பியும் ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சுவிட்சும் இருக்கும். கருவி பொருத்த வந்தவர், பேட்டரியிலிருந்து நேராகக் கம்பி இழுக்கும் வேலையை மிச்சப்படுத்தி, அந்த மியூசிக் சிஸ்டத்தின் சிவப்புக் கம்பியைச் சுரண்டி, அதிலேயே முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார். பாட்டை நிறுத்தினால் கருவியும் அணையும். பத்து வண்டிகளையும் திறந்து பார்த்ததில் ஏழில் இதே இணைப்பு இருந்தது. மருத்துவமனை முன்னாலும், தேர்வு நாட்களில் பள்ளி முன்னாலும், யாராவது கேட்டுக்கொண்டபோதும் பாட்டை அணைத்த ஓட்டுநர்களே அதிகம் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். ஃப்யூஸைக் கழற்றியவர் ஒருவர் இருந்தது உண்மை. ஆனால் அவர் அதைச் செய்தது, செய்யாத குற்றத்துக்கு மூன்று முறை பணம் கட்டிய பிறகு.

பதிவுகளில் கண்டவை

அடுத்து மூன்று பிழைகள் மென்பொருளில் கண்டறியப்பட்டன.

முதலாவது, நாள் கணக்கு. ஜி.பி.எஸ். கருவிகள் நேரத்தை உலகப் பொதுநேரத்தில் அனுப்புகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. திரையில் கடிகாரம் சரியாகவே காட்டியது. ஆனால் நாளறிக்கையைப் பிரிக்கும் இடத்தில் மட்டும் உலகப் பொதுநேரத்தின் நள்ளிரவு பயன்பட்டிருந்தது. அது நமக்குக் காலை 5.30 மணி. எனவே 4.50-க்குக் கிளம்பும் முதல் நடை முந்தைய நாளின் அறிக்கையில் போய் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு நாளின் அறிக்கையிலும் மறுநாளின் முதல் நடை வந்து சேர்ந்து எண்ணிக்கை சரியாகவே இருந்ததால் இதை யாரும் கவனிக்கவில்லை. வண்டி ஷெட்டிலேயே நின்ற நாளுக்கு முந்தைய நாட்களில் மட்டும் “முதல் நடை ஓடவில்லை” என்ற வரி தோன்றி, கேள்வியின்றிப் பிடித்தமாக மாறியது. அந்த நடையின் டிக்கெட் கணக்கு அதே அலுவலகத்தில், அதே மேசையில் இருந்தது.

இரண்டாவது, வேக எச்சரிக்கை. தடத்தில் ஒரு கரட்டை ஒட்டிச் சுமார் மூன்று கி.மீ. தூரம் சிக்னல் கிடைக்காது. அங்கே கருவி புள்ளிகளைத் தன்னுள் சேமித்து, சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். மென்பொருளோ புள்ளி எப்போது பதிவானது என்று பார்க்காமல், எப்போது வந்து சேர்ந்தது என்று பார்த்து வரிசைப்படுத்தியது. அதன்படி வண்டி சில நொடிகளில் மூன்று கி.மீ. பாய்ந்ததாகக் கணக்கு வந்தது. மணிக்கு நூற்றுக்கணக்கான கி.மீ. என்றெல்லாம் எச்சரிக்கை வந்திருந்தது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய வண்டி மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போக வழியில்லை என்பதை நினைவுகூர்ந்திருந்தாலே ஐயம் எழுந்திருக்கும். அலைவரிசை மாற்றத்தைக் கொண்டு கருவியே நேரடியாக அளக்கும் வேகம் ஒவ்வொரு புள்ளியோடும் வந்துகொண்டுதான் இருந்தது. அதை விட்டுவிட்டு இரண்டு புள்ளிகளின் தூரத்தைக் காலத்தால் வகுத்திருந்தார்கள்.

மூன்றாவது, பேருந்து நிலையத்தின் எல்லை. 50 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் புள்ளி விழுந்தால்தான் வண்டி நிலையத்துக்குள் வந்ததாகக் கணக்கிட்டார்கள். திறந்த வெளியில் சில மீட்டருக்குள் சரியாகக் காட்டும் கருவி, தகரக் கூரைக்கும் சுற்றியுள்ள கட்டடங்களுக்கும் நடுவே செயற்கைக்கோள் அலைகள் எதிரொலித்து வருவதால் எதிர்ச்சாரியில் நிற்பதாகக் காட்டும். அதோடு, கருவிகள் நிமிடத்துக்கு ஒரு முறையே இடத்தை அனுப்பின. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஒரு நிமிடத்தில் வண்டி 667 மீட்டர் போய்விடும். நிலையத்துக்குள் வந்து பயணிகளை இறக்கி ஏற்றிவிட்டுப் போன வண்டி, அறிக்கையில் ஊருக்குள் வராத வண்டியாயிற்று.

அட்டவணையில் கண்டது

இந்த ஆய்வில் முக்கியமாக நான் கருதுவது இதுதான். மேற்கண்ட பிழைகளைத் திருத்திய பிறகும் ஒரு தடத்தில் பிந்துகை அப்படியே நின்றது. அது 42 கி.மீ. தடம்; பெர்மிட்டில் ஓட்ட நேரம் 80 நிமிடம்; வழியில் 31 நிறுத்தங்கள், உள்ளே சென்று திரும்ப வேண்டிய பேருந்து நிலையங்கள் இரண்டு, ஒரு ரயில்வே கேட். நிறுத்தம் ஒன்றுக்கு 25 நொடி என்று வைத்தால் 13 நிமிடம். நிலையம் ஒன்றுக்கு 3 நிமிடம் என்றால் 6 நிமிடம். மீதி 61 நிமிடத்தில் 42 கி.மீ. போக வேண்டும். கேட் மூடாமல், வழியில் நெரிசலே இல்லாமல் மணிக்குச் சராசரி 41 கி.மீ.; வேகத்தடைகளும் மூன்று பள்ளிகளும் சந்தைப்பேட்டையும் உள்ள சாலையில் காலை எட்டரை மணிக்கு அது ஆகாத காரியம்.

ஆறு வாரப் பதிவுகளில் அந்தக் காலை நடை பெரும்பாலும் 88 முதல் 94 நிமிடம் எடுத்தது. யார் ஓட்டினாலும் ஏறக்குறைய இதுவேதான். ஆறு நாட்களில் மட்டும் வண்டி 80 நிமிடத்துக்குள் சேர்ந்திருந்தது. அந்த ஆறு நாட்களின் பதிவைப் பத்திரமாக எடுத்து, இளைய முதலாளியின் மேசையில் வைத்து, ஒவ்வொரு புள்ளியாகக் காட்டினேன். ஆறிலும் வண்டி பள்ளிக்கூட வளைவில் மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் சென்றிருந்தது. நான்கில் இரண்டு நிறுத்தங்களில் நிற்கவே இல்லை. அந்த ஆறு நாட்களும் அறிக்கையில் பச்சை நிறத்தில் இருந்தன. பிள்ளைகளைக் கண்டு வேகம் குறைத்தவரும் ஓடிவந்த கிழவிக்காக நின்றவரும் பேட்டாவை இழந்த நாட்களெல்லாம் சிவப்பில் இருந்தன. இளைய முதலாளி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பள்ளியில்தான் அவருடைய உறவினர் பிள்ளைகளும் படித்தார்கள்.

அந்த ஓட்ட நேரம் எப்போது நிர்ணயமானது என்று மூத்த முதலாளியான பெரியவரிடம் கேட்டேன். சாலையில் அப்போது பாதி நிறுத்தங்கள்கூட இல்லை என்றும், நூற்பாலைகளும் பள்ளிகளும் பிறகு வந்தவை என்றும், நேரம் மட்டும் மாறவில்லை என்றும் அவர் சொன்னார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2023 ஜனவரியில் முதலாளிகள், இரண்டு மூத்த ஓட்டுநர்கள், ஒரு நடத்துநர், நான் ஆகியோர் அமர்ந்து பேசினோம். ஜி.பி.எஸ். பதிவை மட்டும் வைத்து எந்தப் பிடித்தமும் செய்வதில்லை என்று முதலில் முடிவாயிற்று. முந்தைய பிடித்தங்களைப் பதிவேட்டைப் பார்த்துத் திருப்பித் தருவது என்பதில் இளைய முதலாளி தயங்கினார். தொகை பெரிதில்லை என்றாலும், தவறை ஒப்புக்கொண்டால் கட்டுப்பாடு போய்விடும் என்று அஞ்சினார். பெரியவர்தான், “எடுத்தது தப்புன்னு தெரிஞ்ச பிறகு வெச்சுக்கறது எப்படி, தம்பி?” என்று கேட்டு அதை முடித்துவைத்தார். பிப்ரவரிச் சம்பளத்தோடு பணம் திரும்பியது.

பத்துப் பழைய வண்டிகளிலும் பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸ் வைத்து நேரடிக் கம்பி இழுக்கப்பட்டது. அந்தந்த வண்டியின் ஓட்டுநர் பக்கத்தில் நின்று பார்க்கும்போதே அது நடக்க வேண்டும் என்று வலியுறுத்தினேன்; எது எங்கே இணைந்திருக்கிறது என்று தெரியாத கருவியை ஓட்டுநரால் நம்ப முடியாது. இடம் அனுப்பும் இடைவெளி 10 நொடியாகக் குறைக்கப்பட்டது; நிலைய எல்லை, கட்டடத்தின் வடிவத்தையொட்டி வாசலையும் உட்கொள்ளும்படி திருத்தி வரையப்பட்டது.

பிந்துகைக்குப் பதிலாக, பள்ளி வளைவுகளிலும் சந்தைப்பேட்டையிலும் வேகம், நிற்காமல் போன நிறுத்தங்கள் ஆகிய இரண்டை மட்டும் வாரம் ஒரு முறை ஓட்டுநரோடு உட்கார்ந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். பணி முடிந்து ஷெட்டில் வண்டி விட்ட பின் உள்ள பதிவுகளை யாரும் பார்க்கக் கூடாது, 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற இரண்டும் ஓட்டுநர்கள் கேட்டுச் சேர்த்தவை.

பயணிகளுக்கு வண்டி எங்கே வருகிறது என்று கைப்பேசியில் காட்டும் இணைப்பும் அப்போதுதான் தொடங்கப்பட்டது. எத்தனை நிமிடத்தில் வரும் என்று கணித்துச் சொல்ல வேண்டும் என்று நிறுவனம் விரும்பியது. ரயில்வே கேட் உள்ள தடத்தில் அந்தக் கணிப்பு பொய்த்துக்கொண்டே இருக்கும் என்பதால் நான் மறுத்தேன். கடைசியாக எந்த நிறுத்தத்தைத் தாண்டியது, எத்தனை மணிக்கு என்று மட்டும் காட்டினோம். அங்கிருந்து தங்கள் ஊருக்கு எவ்வளவு நேரமாகும் என்பது அந்தச் சாலையில் வாழ்பவர்களுக்குத் தெரியும். இரண்டு நிமிடத்துக்கு மேல் பழைய தகவல் என்றால் அது சாம்பல் நிறத்துக்கு மாறி, எவ்வளவு பழையது என்பதையும் சொல்லும்.

பின்னர் நடந்தவை

கருவி அணைவது மார்ச் மாதத்துக்குள் ஏறக்குறைய நின்றது. எப்போதாவது அணைந்தபோதெல்லாம் உண்மையான பழுதே காரணமாக இருந்தது. சாவியை வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வந்தார். முன்னரே விலகிய மூவரில் இருவர் வேறு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் லாரிக்குப் போய்விட்டார். அவர்களுடைய பணமும் ஆளனுப்பித் தரப்பட்டது.

எல்லா ஓட்டுநர்களும் குற்றமற்றவர்களாக இருந்தார்கள் என்று எழுதினால் அது பொய்யாகும். ஒருவர் மாலை நடையில் தினமும் ஒரே டீக்கடையில் எட்டு நிமிடம் நின்றதும், அதை ஈடுகட்ட அடுத்த ஊருக்குள் விரட்டியதும் திருத்திய பதிவில் ஐயமின்றித் தெரிந்தது. அவரிடம் கேட்டபோது, மதியம் சாப்பிடும் இடைவெளியையே நடை நேரம் தின்றுவிடுகிறது என்றார். அப்போது நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலையையும் இடையே ஓய்வையும் சொன்னது. அவருடைய நடைகளைக் கூட்டிப் பார்த்தால் ஓய்வு காகிதத்தில் மட்டுமே இருந்தது. அந்த வண்டியின் மதிய நடை ஒன்று ஸ்பேர் ஆளுக்கு மாற்றப்பட்டது. டீக்கடை நிறுத்தமும் குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை.

கைப்பேசி இணைப்பை அதிகம் பயன்படுத்தியவர்கள், இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் நூற்பாலைப் பெண்கள். கடைசி வண்டி எங்கே வருகிறது என்று தெரிந்த பிறகு ஆலை வாசலில் வெளிச்சத்திலேயே இருந்துவிட்டு, வண்டி முந்தைய நிறுத்தத்தைத் தாண்டியதும் சாலைக்கு வருகிறோம் என்று நடத்துநரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆகஸ்டில் ஒருநாள் அந்தக் கடைசி வண்டி பழுதாகி ஸ்பேர் வண்டி அனுப்பப்பட்டது. ஸ்பேர் வண்டியின் கருவியை அந்தத் தடத்தோடு இணைக்க அலுவலகத்தில் மறந்துவிட்டார்கள். திரையில் பழைய வண்டி ஷெட்டில் நின்றது. வண்டி இல்லை என்று எண்ணி இரண்டு பெண்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஓட்டுநர் வழியில் பார்த்து ஏற்றிக்கொண்டார். அந்த இரவை நினைத்தால் இன்னும் எனக்குப் பதற்றம் வருகிறது. மறுநாளிலிருந்து, டிரிப் ஷீட்டில் வண்டி எண்ணை எழுதும்போதே தடமும் மாறும்படி செய்தோம்.

ஓட்ட நேரத்தை மாற்றுவது நிறுவனத்தின் கையில் இல்லை. பதிவுகளை இணைத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மனு கொடுக்கப்பட்டது. பேருந்துகளின் நேரத்தை முடிவுசெய்யும் கூட்டமான டைமிங் கான்ஃபரன்ஸில், பின்வண்டிக்காரர்கள் இருவர், பத்து நிமிடம் கூட்டினால் தங்கள் நேரத்தில் விழும் என்று ஆட்சேபித்தார்கள். அவர்கள் தரப்பிலும் நியாயம் இருந்தது. அவர்களுடைய ஓட்டுநர்களும் அதே 80 நிமிடத்தோடுதான் போராடிக்கொண்டிருந்தார்கள்.

மாற்ற வேண்டியவை

இதே வேலையை மீண்டும் தொடங்கினால், கருவி பொருத்திய முதல் நான்கு வாரங்கள் பதிவை எவர் மீதும் பயன்படுத்தாமல், டிக்கெட் கணக்கோடும் டைம் கீப்பரின் நோட்டோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டுமே வைத்துக்கொள்வேன். அந்த ஒப்பீட்டில் நாள் கணக்குப் பிழையும் நிலைய எல்லைப் பிழையும் முதல் வாரத்திலேயே வெளிப்பட்டிருக்கும். கருவி பொருத்துபவருக்குப் பணம் கொடுக்குமுன், மியூசிக் சிஸ்டம், விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கச் சொல்வேன். அரைமணி நேர வேலை. நடைகளின் உண்மையான ஓட்ட நேரத்தை அளக்காமல் பிந்துகை அறிக்கையை அலுவலகத்துக்கு அனுப்பவே மாட்டேன். ஏ.ஐ.எஸ். 140 வண்டிகளில் அவசரப் பொத்தானை ஒருமுறை அழுத்தி, யார் பேசுகிறார்கள் என்று பார்க்கும் சோதனையையும், உரியவர்களுக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டு, தொடக்கத்திலேயே செய்ய வேண்டும். இந்த நிறுவனத்தில் அது ஒன்றரை ஆண்டு கழித்தே நடந்தது.

ஆட்சேபித்த இரு நிறுவனங்களிடமும் தங்கள் வண்டிகளின் பதிவைக் கொடுக்கும்படி 2023 நவம்பரில் கேட்டோம். ஒருவர் கொடுத்தார். அவருடைய வண்டியும் அதே நடையில் 90 நிமிடம் எடுத்திருந்தது. மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுப்பது குறித்துப் பேச்சு நடந்துகொண்டிருந்த நிலையில், டிசம்பரில் என் பணி முடிந்தது.